அங்கே ஆஞ்சோவி, இங்கே நாத்தம்

தமிழில் இப்போது ஒரு வகைப் பயணக் கட்டுரை பெருகிவிட்டது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், சில சமயம் ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட அப்பா அம்மா. ரோமிலோ மிலானிலோ இறங்கியதும் ஒரு வாடகைக் கார். பத்து நாளில் டஸ்கனி, ஃப்ளாரன்ஸ், பீசா, சிங்க்வே தேர்ரே, அமால்ஃபி. முதல் பத்தியில் விசா கிடைத்த கதை, இரண்டாம் பத்தியில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததால் வந்த பதற்றம், நடுவில் பாஸ்தா, ஜெலாட்டோ, மைக்கலாஞ்சலோ. கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு பெருமூச்சு: 'நம்ம ஊர்ல ஏன் இப்படி இல்ல?'

எனக்கு இந்தக் கட்டுரைகள் மீது வெறுப்பு எதுவும் இல்லை. இத்தாலி போவது குற்றமில்லை. சேமித்த காசில் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுகிறவர்களைக் கிண்டல் செய்வது மலிவான வேலை. என் சண்டை அந்தக் கடைசிப் பத்தியோடுதான். அந்தக் கேள்வி கேள்வியே இல்லை. பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்கும் தொனி அதில் கிடையாது. பார்க்காத ஒன்றை 'இல்லை' என்று அறிவிக்கும் தொனி அது. இதை எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் சென்னையிலோ செங்கல்பட்டிலோ வளர்ந்தவர்கள். விடுமுறைக்கு வரும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருநாள் கார் ஓட்டாமல் திரும்புகிறவர்கள் குறைவு. அந்த ஒருநாளை அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் போதும், 'ஏன் இல்ல?' என்பதற்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

*

அந்த ஒருநாள் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பலாம் என்று முடிவாகி, ஒன்பதரைக்குக் கிளம்பும். திருவான்மியூர் தாண்டி சுங்கச்சாவடி. ஒரு உணவகத்தில் மினி டிபன். முட்டுக்காட்டில் 'போட்டிங் போலாமா' என்று பேச்சு எழுந்து, வெயிலைப் பார்த்து அடங்கும். முதலைப் பண்ணையில் பிள்ளைகளுக்காக முக்கால் மணி நேரம். பன்னிரண்டரைக்கு மாமல்லபுரம். வெண்ணெய் உருண்டையை முதுகில் தாங்கும் போட்டோ, ஐந்து ரதத்தில் யானைக்குப் பக்கத்தில் போட்டோ, கடற்கரைக் கோவிலில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் போட்டோ. மதியச் சாப்பாடு ஏசி உள்ள இடத்தில். நான்கு மணிக்குத் திரும்பல். 'மகாபலிபுரம்தானே, பாத்தாச்சு.'

பல்லவர்கள் ஏழாம் நூற்றாண்டிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் குடைந்தும் செதுக்கியும் கட்டியும் வைத்ததை, 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததை, மூன்றரை மணி நேரத்தில் முடித்தாயிற்று. 2021-22ஆம் நிதியாண்டில் தொல்லியல் துறையின் கீழுள்ள கட்டணச் சின்னங்களில் தாஜ்மகாலைவிட அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்த இடம் மாமல்லபுரம்: ஏறத்தாழ 1.45 லட்சம் பேர். எங்கிருந்தோ வந்தவர்கள் அர்ஜுனன் தபசு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து படம் வரைகிறார்கள். நாம் அந்தப் பாறைக்கும் நமக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு, 'சீக்கிரம் நில்லுடா' என்கிறோம்.

ஃப்ளாரன்ஸில் இதே குடும்பம் என்ன செய்தது? மூன்று வாரம் முன்னாலேயே டிக்கெட் பதிவு செய்தது. ஆடியோ கைடு வாங்கியது. பிள்ளைகளுக்கு முந்தின இரவே யூட்யூபில் மைக்கலாஞ்சலோ பற்றிப் படம் போட்டுக் காட்டியது. ரோமின் கொலோசியத்துக்கு ஆளுக்கு 18 யூரோ கொடுத்தது. மாமல்லபுரத்தில் நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு நாற்பது ரூபாய் என்றதும் 'இதுக்கெல்லாமா டிக்கெட்?' என்று வாசலில் நின்று யோசித்தது. இடம் மாறியதால் கண் மாறியதா, கண்ணைக் கொண்டுபோகும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டோமா?

*

முதலில் மீனிலிருந்து தொடங்குகிறேன்.

சிங்க்வே தேர்ரே என்றால் 'ஐந்து நிலங்கள்'. லிகூரியக் கடலோரப் பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து ஊர்கள். 1997 முதல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில். இங்கே போய்வந்த ஒவ்வொரு கட்டுரையிலும் வண்ணம் பூசிய மீனவர் வீடுகள் வரும். மொந்தெரோஸ்ஸோவில் உப்பில் ஊறவைத்த ஆஞ்சோவி வரும். 'அந்தச் சிறிய மீனின் உவர்ப்பில் கடலின் ஆன்மாவே இருந்தது' என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வரும்.

ஆஞ்சோவி என்பது வேறு ஒன்றுமில்லை, நம் நெத்திலியின் குடும்பம். உப்பிட்டு வைப்பது அங்கே, உப்பிட்டும் இடாமலும் காய வைப்பது இங்கே. கோவளத்திலும் தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் மணலில் வலை விரித்து நெத்திலி காயும்போது நம் கார் கண்ணாடி மேலே ஏறுகிறது. 'நாத்தம் தாங்கல, ஏசிய ரீசர்குலேஷன்ல போடு.' கடலின் ஆன்மா இங்கே மூக்கைப் பொத்தவைக்கிறது.

இதைச் சுவை வேறுபாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சாதிக்கும் மூக்குக்கும் உள்ள உறவு நம் ஊரில் ரொம்பப் பழையது. மொந்தெரோஸ்ஸோ மீனவர் நமக்குச் சாதி இல்லாதவர், ஆகவே அவருடைய மீனுக்கு 'மணம்'. பட்டினவர் குப்பத்து மீனுக்கு 'நாத்தம்'. சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் எத்தனை குப்பங்கள்: கானத்தூர் ரெட்டிக்குப்பம், நெம்மேலிக்குப்பம், சூளேரிக்காட்டுக்குப்பம், பட்டிபுலம், சாலவான்குப்பம், வெண்புருஷம், மெய்யூர்க்குப்பம். நூறு தடவை இந்தச் சாலையில் போனவர்களிடம் கேளுங்கள், இவற்றில் மூன்று பெயர் சொல்ல மாட்டார்கள். சிங்க்வே தேர்ரேயின் ஐந்து ஊர்ப் பெயர்களையும் ஒரு வாரம் தங்கியவர் மூச்சு விடாமல் சொல்வார்.

*

அடுத்தது கல்.

டஸ்கனி போகிறவர்கள் கர்ராராவின் பளிங்கு மலையைப் பார்க்கிறார்கள். மைக்கலாஞ்சலோ கல் தேர்ந்தெடுத்த இடம். பக்கத்தில் பியெத்ராசாந்தா என்ற சிறுநகரம், சிற்பப் பட்டறைகளுக்குப் பெயர்போனது. அங்கே பட்டறை வாசலில் நின்று உளிச்சத்தத்தைக் கேட்டு மெய்சிலிர்த்ததாக எழுதுகிறார்கள். சிலிர்க்கட்டும், நல்லதுதான்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகும் சாலையின் இருபுறமும் பட்டறைகள் இருக்கின்றன. 1957இல் தொடங்கிய அரசு கட்டடக் கலை, சிற்பக் கலைக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகெங்கும் தமிழர்கள் கட்டும் கோவில்களுக்கு இங்கே வேலை நடக்கிறது. அதாவது ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன் கல் கொத்திய ஊரில் இன்றும் கல் கொத்துகிறார்கள். அந்தப் பட்டறைக்குள் நாம் எதற்குப் போகிறோம்? சின்னப் பிள்ளையார் ஐந்நூறு ரூபாய் என்றால் முந்நூறுக்குக் கேட்க. பேரம் படிந்தால் 'ஏமாத்தல'. படியாவிட்டால் 'டூரிஸ்ட் பிளேஸ்ல எல்லாம் கொள்ளை'. அந்த மனிதர் எத்தனை மணிநேரம் குனிந்திருந்தார், கிரைண்டர் கிளப்பும் தூசி அவர் நுரையீரலில் என்ன செய்கிறது, அவர் மகன் இந்தத் தொழிலுக்கு வருவானா — ஒரு கேள்வி கிடையாது. சிற்பி என்றால் நமக்கு ஆயனர். கல்கி 1940களில் எழுதிய தொடர்கதையின் ஆயனச் சிற்பியைத் தேடி வருகிறவர்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் சிற்பியைத் தாண்டிப் போகிறார்கள். பல்லவப் பெருமை பேசுகிறவர்களும் இத்தாலிப் பெருமை பேசுகிறவர்களும் இந்த இடத்தில் ஒரே ஆட்கள்தான்.

ஃப்ளாரன்ஸின் அக்கதேமியா அருங்காட்சியகத்தில் டேவிட் சிலைக்குப் போகும் வழியில் மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்ட 'கைதிகள்' நிற்கின்றன. கல்லுக்குள்ளிருந்து உடல் பிதுங்கி வெளியே வர முயல்வது மாதிரி இருக்கும். நம் கட்டுரையாளர்கள் டேவிட்டைவிட இவற்றைப் பற்றித்தான் உருகுவார்கள். முழுமையின்மையின் அழகு என்பார்கள். மாமல்லபுரத்தில் முடிக்காமல் விடப்பட்டவை எத்தனை! ஊருக்கு மேற்கே வலையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள். மேலே விமானம் தெளிவாக இறங்கியிருக்க, கீழ்ப்பாதி இன்னும் பாறையாக இருக்கும். மேலிருந்து கீழாக வேலை நடந்தது என்பதை ஒரு பள்ளிப் பிள்ளை அங்கே ஐந்து நிமிடத்தில் தானாகக் கண்டுபிடித்துவிடும். அர்ஜுனன் தபசுக்கே ஒரு முடிக்கப்படாத இரண்டாம் வடிவம் தெற்கே கொஞ்சம் தள்ளி இருக்கிறது. வேலை ஏன் நின்றது? அரசன் மாறினானா, கல் பிளந்ததா, காசு தீர்ந்ததா? ஒரு பிள்ளையின் மண்டைக்குள் வாழ்நாள் முழுக்கக் குடையக்கூடிய கேள்வி இது. வலையன்குட்டைப் பக்கம் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். ஆடுகள் இருக்கும்.

*

இப்போது கார்.

இத்தாலியில் கார் ஓட்டியவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைப் பற்றிப் புலம்புவார்கள்: பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் வெளியூர் வண்டி நுழையக் கூடாது. கட்டுப்பாட்டு வாகன மண்டலம். கேமரா பிடித்துவிடும், மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வரும். ஆகவே நகரத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, கருங்கல் பாவிய தெருவில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறார்கள். அந்த நடையில்தான் ரொட்டிக் கடையும், ஜன்னலில் துணி காயப்போடும் கிழவியும், தேவாலய மணியும் வருகின்றன. கட்டுரையின் நல்ல பகுதிகள் எல்லாமே நடந்த பகுதிகள்தான்.

அதே அப்பா மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோவில் வாசல்வரை வண்டியைக் கொண்டுபோகப் பார்ப்பார். 'கொஞ்சம் முன்னாடி விட்டா என்னப்பா, வயசானவங்க இருக்காங்க.' விடுமுறை நாளில் அந்தச் சின்ன ஊரின் தெருக்களில் கார்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. உள்ளூர்க்காரர் தன் வீட்டிலிருந்து வண்டியை வெளியே எடுக்க முடியாது. பிறகு காருக்குள் இருந்தபடியே 'நம்ம ஊர்ல ட்ராஃபிக் சென்ஸே இல்ல' என்று ஒரு தீர்ப்பு. அந்த நெரிசலே நாம்தான், ஐயா.

நெரிசலோடு போனால் பரவாயில்லை. 2024 நவம்பரில் மாமல்லபுரத்துக்கு அருகே பண்டிதமேடு பகுதியில், பழைய மாமல்லபுரம் சாலையோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்கள் கார் மோதி அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். செய்தி இரண்டு நாள் ஓடியது. இந்தச் சாலைகளை நாம் 'டிரைவ்' என்கிறோம். அவர்களுக்கு அது மேய்ச்சல் நிலத்தின் விளிம்பு, வீட்டு வாசல், பள்ளிக்கூடம் போகும் வழி. கிழக்குக் கடற்கரைச் சாலை 2000களின் தொடக்கத்தில் அகலமாகிச் சுங்கச் சாலையாவதற்கு முன்பே இந்த ஊர்கள் இருந்தன. அதற்கும் முன்னால் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் வந்தார்கள். கால்வாய் இன்றும் சாலைக்கு மேற்கே கூடவே வருகிறது, பாதி தூர்ந்து, பாதி ஆகாயத்தாமரையில். படகில் வந்தவன் மெதுவாக வந்தான், கரையில் இருந்தவனோடு பேசிக்கொண்டு வந்தான். நாம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து 'வழியில ஒண்ணும் இல்ல' என்கிறோம்.

ஒன்றும் இல்லையா? சாலவான்குப்பத்தில் புலிக்குகைக்குச் சற்று வடக்கே ஒரு முருகன் கோவில் மணலுக்குள் கிடந்தது. 2004 சுனாமி அலை ஒரு பாறைக் கல்வெட்டை வெளியே காட்ட, அதைப் பிடித்துக்கொண்டு 2005இல் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோவில். கல்லில் செய்த வேல். கடல் அதை ஒரு தடவைக்கு மேல் அடித்துப் போயிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தெற்கே போனால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட கல்லறைகளும். அதற்குக் கூப்பிடு தூரத்தில் 1984இல் வணிக உற்பத்தியைத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையம். இன்னும் தெற்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை: முகலாயர் காலத்தில் எழுந்து, 1750இல் ட்யூப்ளே கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டு, 2004இல் கடலால் மறுபடி அடிபட்டது. பல்லவன், டச்சுக்காரன், பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன், அணு உலை, சுனாமி — எல்லாம் ஒரே சாலையில், ஒரு காலைப் பொழுதுக்குள். இதைவிட அடர்த்தியான கடலோரத்தை டஸ்கனியில் தேடிப் பிடிக்க வேண்டும்.

*

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். 'எல்லாம் சரி. ஒரு சுத்தமான பாத்ரூம் காட்டுங்க பாப்போம்.'

இதற்கு மழுப்பலான பதில் சொல்லக் கூடாது. பெண்களுக்கு இந்தச் சாலையில் பயணம் என்பது தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பயிற்சி. காலையில் ஒரு வாய் காபி, அப்புறம் மதியம் ஓட்டல் வரும்வரை வறட்டுத் தொண்டை. அம்மாவும் பாட்டியும் ஏன் 'நீங்க போய்ட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்' என்கிறார்கள் என்று எத்தனை மகன்கள் யோசித்திருக்கிறார்கள்? முழங்கால் வலி பாதிக் காரணம்தான்.

ஆனால் இதே கேள்வியை அந்தப் பயணக் கட்டுரைகள் எப்போதாவது கேட்டிருக்கின்றனவா? அவற்றில் மனைவி எங்கே வருகிறார் என்று பாருங்கள். கைப்பை வாங்கும் இடத்தில் வருவார். கணவர் பர்ஸைத் தடவிப் பார்க்கும் நகைச்சுவையோடு. வழி தவறும் இடத்தில் வருவார். கூகுள் மேப்பைத் தலைகீழாகப் பிடித்ததாக. மூன்றாம் நாள் எல்லோருக்கும் ரசம் சாதம் ஏக்கம் வரும்போது, தங்கும் இடத்துச் சமையலறையில் குக்கரோடு வருவார். ஊரிலிருந்து பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டி எடுத்துவந்தவர் அவர்தான் என்பது ஒரு அரை வாக்கியம். சிஸ்டீன் தேவாலயத்தின் கூரையைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியது? அது எழுதப்படுவதில்லை. பார்ப்பது அப்பாவின் வேலை, கட்டிக்கொண்டு போவது அம்மாவின் வேலை. கடற்கரைச் சாலையிலும் அதே ஏற்பாடு. புளியோதரைத் தூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசு. வசதி இல்லாததைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் தன் காரின் பின்சீட்டில் யார் எதற்குப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்க்கட்டும். கழிப்பறை வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து எழுந்தால்தான் அது கோரிக்கை. முன்சீட்டிலிருந்து எழுந்தால் அது தாய்நாட்டைத் திட்ட ஒரு சாக்கு.

*

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நினைக்கிறேன். கடல் யாருடையது?

இத்தாலிக் கடற்கரை சட்டப்படி அரசின் பொதுச் சொத்து. ஆனால் மணலின் பெரும்பகுதி குத்தகையில் இருக்கிறது. வரிசை வரிசையாகக் குடை, சாய்வு நாற்காலி. ஒரு நாளைக்கு இவ்வளவு யூரோ என்று கொடுத்தால்தான் உட்காரலாம். குத்தகைகள் அப்பா, மகன், பேரன் என்று கைமாறிக்கொண்டே வந்தவை. பொது ஏலம் விட வேண்டும் என்று 2006இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு அரசும் தள்ளிப்போட்டு, கடைசியாக 2027 செப்டம்பர்வரை நீட்டித்திருக்கிறார்கள். எதிர்த்துப் போராடுகிறவர்களும் இருக்கிறார்கள். அலை வந்து தொடும் ஓரப் பட்டையில் யாரும் இலவசமாக நடக்கலாம் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைக் காட்டித் துண்டை விரித்து உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். நம் கட்டுரைகளில் அந்தக் குடைகள் மட்டும் வருகின்றன: 'எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு நேர்த்தி.' சண்டை வருவதில்லை.

அந்தச் சண்டையைப் பார்த்திருந்தால் இந்தக் கரையைப் பார்க்கும் கண் கிடைத்திருக்கும். உத்தண்டியிலிருந்து தெற்கே வரும்போது இடதுபக்கம் என்ன தெரிகிறது? மதில். அப்புறம் ஒரு கேட். மறுபடி மதில். பண்ணை வீடு, ரிசார்ட், கேளிக்கைப் பூங்கா, 'தனியார் கடற்கரை' என்ற விளம்பரப் பலகை. சாலைக்குப் பெயர் கடற்கரைச் சாலை. கடல் தெரிகிற இடங்களை விரல்விட்டு எண்ணலாம். இந்தியாவில் தனியார் கடற்கரை என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஊரகக் கரையில் முதல் 200 மீட்டரில் புதிதாகக் கட்டவே கூடாது என்றது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கமான ஊரகப் பகுதிகளில் அந்த 200 மீட்டரை 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. யாருக்காகச் சுருங்கியது என்று ஒரு பயணக் கட்டுரை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அந்த மதிலுக்குப் பின்னால்தான் அறை பதிவாகியிருந்தது.

மதில் வந்தால் என்ன போகும்? வலை காயப்போடும் மணல் போகும். படகு ஏற்றி வைக்கும் இடம் போகும். குப்பத்திலிருந்து கடலுக்கு இருந்த நாலு வழியில் மூன்று அடைபடும். கடலில் என்ன நடக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வாழ்க்கை போகும். நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. 2024இல் அதன் அருகிலேயே 15 கோடி லிட்டர் ஆலை ஒன்று சேர்ந்தது. தென்சென்னை வீடுகளில் குழாயைத் திறந்தால் வருவது இந்தக் கடல். ஆலை வந்த பிறகு கரை அரிக்கிறது, மீன்பாடு குறைகிறது என்று பக்கத்துக் குப்பத்து ஆட்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கடலைக் குடித்துவிட்டு, அவர்கள் மீன் நாறுகிறது என்று கண்ணாடியை ஏற்றுகிறோம். கொஞ்சம் நியாயமாகப் பேசுவோமே.

*

'விடுமுறைக்குப் போற மனுஷன் சமூகவியல் ஆராய்ச்சியா பண்ணணும்? விடுங்கப்பா.' இந்தக் குரலும் எனக்குக் கேட்கிறது. சும்மா போய்ச் சும்மா வருகிறவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. உழைத்துக் களைத்தவர் மணலில் படுத்துத் தூங்கட்டும், அதுவும் உரிமைதான். ஆனால் கட்டுரை எழுதுகிறவர் 'சும்மா' போனவர் இல்லை. அவர் 'இங்கே இருக்கிறது, அங்கே இல்லை' என்று சாட்சி சொல்கிறார். சாட்சி சொல்கிறவர் பார்த்திருக்க வேண்டும்.

பார்ப்பது என்றால் அழகை மட்டும் பார்ப்பதும் இல்லை. முதலைப் பண்ணையில் பாம்பு விஷம் எடுப்பதைக் காட்டுவார்கள், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதைச் செய்கிற இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978இல் உருவானது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் தொழில் முடிந்துபோய்ப் பிழைப்பிழந்தவர்கள், அதே திறமையை உயிர் காக்கும் மருந்துக்குத் திருப்பினார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்கு ஊசி போட்டுப் பிழைத்தவர்களில் கணிசமானோர் இவர்களுக்குக் கடன்பட்டவர்கள். 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் இருவருக்கு, வடிவேல் கோபால், மாசி சடையன், பத்மஸ்ரீ கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமிலோ மிலானிலோ இப்படி ஒரு கதை இருந்தால் அதற்கு ஒரு மியூசியமும் நினைவுப் பொருள் கடையும் இருக்கும், நாம் அங்கே காந்தம் வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்போம்.

2021இல் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோவில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்காரவிடவில்லை என்று ஒரு நரிக்குறவர் பெண் பேசிய காணொளி பரவியது. அமைச்சர் வந்து கூட உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்கள் கொடுத்தார். பூஞ்சேரி எங்கே இருக்கிறது தெரியுமா? மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குத் திரும்பும் இடம். வார இறுதியில் நம் கார்கள் எல்லாம் சிக்னலுக்கு நிற்கும் இடம். பாசிமணி விற்க ஒரு பெண் கண்ணாடியைத் தட்டும்போது 'வேண்டாம்மா' என்று கையாட்டுகிறோமே, அங்கேதான். நிற்கும் தொண்ணூறு வினாடியில் கண்ணாடியை இறக்கி ஊர்ப் பெயர் கேட்டாலே ஒரு கட்டுரைக்கான முதல் வரி கிடைத்துவிடும்.

*

தமிழில் இந்த வேலையைச் செய்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. ஏ.கே. செட்டியார் 1940இல் 'உலகம் சுற்றும் தமிழன்' வெளியிட்டவர். காந்தி பற்றிய ஆவணப் படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர். அவ்வளவு சுற்றியவர் பின்னாளில் செய்த வேலைகளில் ஒன்று, தமிழ்நாட்டுக்குள் பயணம் போனவர்கள் எழுதிய பழைய கட்டுரைகளைத் தேடித் தொகுத்தது. உலகத்தைப் பார்த்த கண் ஊருக்குத் திரும்பி வந்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான உதாரணம். தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக் கரையோரம் போன பயணம் 'நடந்தாய் வாழி காவேரி'யாக 1971இல் வந்தது. தலைப்பில்தான் நடை, அவர்கள் போனதும் காரில்தான். ஆகவே கார் ஒரு சாக்கு இல்லை. நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இறங்கி, ஆள்களோடு பேசினார்கள், அவ்வளவுதான்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் இருபதுகளில் இருப்பீர்கள். உங்களில் சிலர் இனிமேல்தான் இத்தாலி போவீர்கள். போங்கள். கர்ராராவையும் கைதிகளையும் பாருங்கள், ஆஞ்சோவி சாப்பிடுங்கள். திரும்பி வந்து கடைசிப் பத்தி எழுத உட்காரும்போது மட்டும் ஒரு நிபந்தனை வையுங்கள்: ஃப்ளாரன்ஸுக்குக் கொடுத்த அதே மூன்று நாளை இந்தக் கரைக்கும் கொடுத்த பிறகுதான் 'நம்ம ஊர்ல இல்ல' என்று எழுதுவேன் என்று.

முதல் நாள் வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு மாமல்லபுரத்தை நடந்து பாருங்கள். வலையன்குட்டைவரை நடங்கள். கோவர்த்தனச் சிற்பத்தில் பால் கறக்கிறவரின் விரல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அர்ஜுனன் தபசில் ஒற்றைக் காலில் நிற்கும் பூனையை அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டாம் நாள் தெற்கே சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை. மூன்றாம் நாள் விடிகாலையில் ஏதாவது ஒரு குப்பத்தில் படகு கரை சேரும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஏலம் நடக்கும். நெத்திலி வாங்குங்கள், யார் விற்கிறார்கள், கடலுக்குப் போகும் வழி எது அடைபட்டது என்று கேளுங்கள். சொல்வார்கள், யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள். பின்சீட்டில் இருப்பவரையும் இறக்கிக் கூட்டிப்போங்கள். கட்டுரையை இந்தத் தடவை அவர் எழுதட்டும்.